ஓமந்தூர் வட்டாரத்தில் பார்த்துப் பழகிய இடங்கள்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில் இருக்கிறது ஓமந்தூர். செம்மண் கொல்லை, மானாவாரி மல்லாட்டை, ஏரி நிறைந்தால் நெல், கோடையில் சாலையோரம் குவித்து வைத்த தர்பூசணி என்று இந்தப் பகுதியின் எல்லா ஊர்களுக்கும் உரிய முகமே இதற்கும். ஆனால் இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் ஒரு சங்ககால ஊர், இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரக் காடு, தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம், பல்லவர் குடைவரைகள், மூன்று மலைகளைச் சுற்றி வளைத்த கோட்டை எல்லாம் இருக்கின்றன. சென்னையிலிருந்து தெற்கே விரையும் வண்டிகளுக்குத் திண்டிவனம் டீ குடிக்க நிறுத்தும் இடம். இங்கே வளர்ந்தவர்களுக்கோ இந்த இடங்கள் சுற்றுலாத் தலங்களாக அறிமுகமாகவில்லை. நேர்த்திக்கடன், திருவிழா, கல்யாணம், மாட்டுச் சந்தை, பள்ளிக்கூடத்து உல்லாசப் பயணம் என்று ஏதாவது ஒரு காரியமாகப் போய், போன இடத்தில் பார்த்தவையே அவர்கள் நினைவில் நிற்கின்றன.

ஓமந்தூரில் முதலில் பார்க்க வேண்டியது ஓமந்தூர் பி. ராமசாமி ரெட்டியாரின் நினைவாக அரசு எழுப்பிய மணிமண்டபம். 1895 பிப்ரவரி 1ஆம் தேதி இவ்வூர் விவசாயக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை சென்னை மாகாணப் பிரதமராக இருந்தார். முதலமைச்சர் பதவிக்கு அன்று அதுதான் பெயர். நாடு விடுதலை பெற்ற நாளில் மாகாண ஆட்சி அவர் பொறுப்பில் இருந்தது. ஆலயப் பிரவேசச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் 1947இல் நிறைவேறின. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. பாரதியார் பாடல்களின் உரிமையைத் தனியாரிடமிருந்து பெற்று மக்களின் பொதுச்சொத்தாக்கும் வேலையைத் தொடங்கியதும் அவருடைய அரசே. இரண்டே ஆண்டுகளில் இவ்வளவையும் செய்துவிட்டுப் பதவியை விட்டு விலகியவர், வள்ளலாரின் வடலூருக்குப் போய்ச் சுத்த சன்மார்க்க நிலையத்தை நடத்தி, ஆதரவற்ற பிள்ளைகளின் படிப்பையும் சாப்பாட்டையும் கவனித்துக்கொண்டிருந்தார். 1970 ஆகஸ்ட் 25ஆம் தேதி மறைந்தார். இவ்வூர்ப் பெரியவர்கள் அவரைப் பற்றிப் பேசும்போது சட்டங்களைவிட, சிபாரிசுக்கு வந்தவர்களை அவர் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியதைத்தான் முதலில் சொல்வார்கள். அதைக் குறையாகச் சொல்வதில்லை, பெருமையாகவே சொல்வார்கள்.

ஊரின் பெயர் சென்னை அண்ணா சாலையிலும் இருக்கிறது. பழைய கவர்னர் மாளிகை நின்ற அரசினர் தோட்டத்துக்கு ஓமந்தூரார் பெயர் சூட்டப்பட்டது. அந்த மாளிகை புதிய சட்டமன்ற வளாகத்துக்காக இடிக்கப்பட்டது. 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட வளாகம் 2014இல் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாக மாறியது. 1802இல் கட்டிய ராஜாஜி மண்டபம் மட்டும் பக்கத்தில் பழைய தூண்களோடும் உயர்ந்த படிக்கட்டுகளோடும் நிற்கிறது. 1969 பிப்ரவரியில் அண்ணாவின் உடலைக் கடைசியாகப் பார்க்க லாரி ஏறிப் போனவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர் உண்டு. ராஜாஜி மண்டபம் என்றால் அவர்களுக்கு அந்தக் கூட்டமும் அந்தப் படிக்கட்டும்தான்.

ஓமந்தூர்க்காரர்கள் டவுனுக்குப் போவதென்றால் திண்டிவனத்துக்குத்தான். திண்டிவனத்தின் பழமை கிடங்கலில் இருக்கிறது. இன்று நகரத்தின் ஒரு பகுதியாகிவிட்ட இது, சங்ககாலத்தில் கிடங்கில் என்ற பெயரில் ஓய்மாநாட்டின் தலைநகராக இருந்தது. அதை ஆண்ட மன்னன் நல்லியக்கோடன். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படையை நல்லூர் நத்தத்தனார் இவன்மேல்தான் பாடினார். பரிசில் தேடிப் போகும் பாணனுக்கு வழிசொல்லும் அந்த நூலில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் ஆகிய ஊர்களைக் கடந்து கிடங்கிலுக்கு வரும் பாதை விரிகிறது. நற்றிணைப் புலவர்களிலும் இரண்டு கிடங்கில்காரர்கள் உண்டு. இவ்வளவு சொல்லிவிட்டுக் கிடங்கலுக்கு யாரையேனும் கூட்டிப் போனால் காட்டுவதற்கு ஏரியும், கோட்டை மதிலின் மிச்சமும், கோயிலும் மட்டுமே உண்டு. பள்ளியில் சிறுபாணாற்றுப்படையை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கும், தாங்கள் மாடு குளிப்பாட்டும் ஏரிக்கரை அந்த ஊர்தான் என்று சொல்லிக்கொடுத்த தமிழாசிரியர் வாய்த்தால்தான் தெரியும். அப்படிப்பட்ட ஆசிரியர்களை இப்பக்கத்தில் இன்றும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்கள்.

திண்டிவனத்தில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் நினைவு இன்னொன்று. 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில், இங்கே அமெரிக்க ஆற்காடு மிஷன் பங்களாவில் டாக்டர் ஜான் ஸ்கடர் குடும்பத்தோடு இருந்தார். தாயாரின் உடல்நிலை காரணமாக அமெரிக்காவிலிருந்து வந்திருந்த மகள் ஐடா ஸ்கடர், ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து கதவைத் தட்டியதைக் கண்டார். மூன்று வீட்டிலும் பிரசவ வேதனை; மூவருமே ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். மருத்துவம் படிப்பதில்லை என்றிருந்த அந்தப் பெண் படித்துத் திரும்பி வந்து, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. வேலூருக்கு வைத்தியத்துக்குப் போகும் திண்டிவனத்தாரில் எத்தனை பேருக்கு இந்தக் கதை தெரியும் என்பது கேள்விதான். ஊருக்குள் எல்லோர் கண்ணிலும் படும்படி இதை எழுதி வைக்க வேண்டும்.

திண்டிவனத்திலிருந்து கிழக்கே மரக்காணம் சாலையில் போனால் பெருமுக்கல். வயல்களுக்கு நடுவே தனித்து எழும் பாறை மலை. உச்சியில் முக்தியாலீஸ்வரர் கோயில், அதன் சுவர்களில் சோழர் கல்வெட்டுகள். மலைக் குகையில் எழுத்து தோன்றுவதற்கு முந்தைய மனிதர் கீறிய உருவங்கள். உச்சியைச் சுற்றிப் பிற்காலக் கோட்டைச் சுவர். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து 1760இல் ஆங்கிலத் தளபதி அயர் கூட் இந்தக் கோட்டையைப் பிடித்தார். ஒரே குன்றில் இத்தனை காலமும் அடுக்கி நிற்கும் இடம் இந்த மாவட்டத்தில் வேறில்லை. ஆனாலும் ஆடு மேய்ப்பவர்களும் பிரதோஷத்துக்கு ஏறுகிறவர்களும் தவிர ஆள் நடமாட்டம் குறைவு. சுற்றுவட்டாரத்தில் கல் குவாரிகள் பெருகிய பிறகு, வெடிச் சத்தம் கேட்காமல் மலையேறிய நாட்களைப் பெரியவர்கள் ஆதங்கத்தோடு சொல்கிறார்கள். பாறைக் கீறல் மனிதன் போட்ட முதல் கையெழுத்து; விரிசல் விட்டு உதிர்ந்தால் அதைத் திரும்பச் செதுக்க முடியாது.

அதே சாலை மரக்காணத்தில் கடலைத் தொடுகிறது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இப்பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. பூமீஸ்வரர் கோயில் சோழர் காலத்துக் கற்றளி. கோயிலைவிட ஆழமாக மனதில் பதிவது உப்பளம்தான். பாத்தி பாத்தியாக நீர் தேங்கி, பங்குனி சித்திரை வெயிலில் பூத்து, வாரிக் குவித்த உப்பு வெள்ளைக் குன்றுகளாக நிற்கும். வாரும் தொழிலாளர்களின் காலைப் பார்த்தவர்கள் அதன் பிறகு உப்பைச் சிந்த மாட்டார்கள். தெற்கே விரியும் கழுவெளி, பழவேற்காட்டுக்கு அடுத்துத் தமிழகத்தின் பெரிய உவர்நீர் ஏரி. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மார்கழி, தை மாதங்களில் வலசைப் பறவைகள் கூட்டமாக இறங்கும்.

மேற்கே மயிலம். சிறு குன்றின்மேல் முருகன் கோயில். பொம்மபுர ஆதீனத்தின் பொறுப்பில் உள்ளது. ஆதீனத்தின் சிவஞான பாலய சுவாமிகள் பெயரில் நடக்கும் தமிழ்க் கல்லூரி இம்மாவட்டத்துக்குத் தமிழாசிரியர்களைத் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்தது; கிடங்கலைக் காட்டிக் கொடுத்த ஆசிரியர்களில் பலர் அங்கே படித்தவர்கள். பங்குனி உத்திரம் என்றால் மயிலம்தான். முன்பெல்லாம் முந்தின நாளே வண்டி கட்டிக்கொண்டு, கட்டுச்சோற்றோடு புறப்படுவார்கள். காவடி எடுப்பவர்கள் மஞ்சள் துணியுடன் நடந்தே வருவார்கள். அடிவாரத்தில் மாட்டை அவிழ்த்துக் கட்டி, புளியமரத்தடியில் இடம் பிடித்து, இருட்டில் வரிசையாகத் தீவட்டி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் தூங்கிப்போவார்கள். இன்று பைக்கில் போய் ஒரு மணி நேரத்தில் தரிசனம் முடித்துத் திரும்பிவிடலாம். கூட்டம் மட்டும் குறையவில்லை.

சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கிறது திருவக்கரை. சம்பந்தர் பாடிய சந்திரமௌலீஸ்வரர் கோயிலில் லிங்கம் மூன்று முகம் கொண்டது. கோபுரம், கொடிமரம், நந்தி, மூலவர் சன்னதி ஒரே நேர்க்கோட்டில் அமையாமல் விலகி நிற்பதைக் குருக்கள் சுட்டிக்காட்டுவார். ஆயினும் கூட்டம் வருவது வக்கிரகாளியம்மனுக்காக. பௌர்ணமி இரவில் திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரியிலிருந்து பஸ்கள் நிரம்பி வழியும்.

கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, செம்மண் மேட்டில் கல்மரப் பூங்கா. கோயிலுக்கு வந்தவர்களில் பத்தில் ஒருவர்கூட இங்கே எட்டிப்பார்ப்பதில்லை என்றே சொல்லத் தோன்றும். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பொறுப்பில் உள்ள தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் இது. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொனரா 1781இலேயே இந்த மரங்களைப் பற்றி எழுதினார். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரங்கள் மணலில் புதைந்தன. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் மெல்ல மெல்லப் படிந்து, மரத்தின் அமைப்பைக் குலைக்காமலே அதைக் கல்லாக்கியது. கிளையோ வேரோ இலையோ ஒட்டாமல் அடிமரம் மட்டும் கிடைப்பதால், இவை இங்கேயே வளர்ந்தவையல்ல, வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்தவை என்று கண்டார்கள். மூன்று மீட்டரிலிருந்து பதினைந்து மீட்டர் நீளம் வரை, அரைகுறையாக மண்ணுக்கு வெளியே தெரிந்தபடி கிடக்கின்றன. புளிய மர இனத்தைச் சேர்ந்தவையும் ஆமணக்கு இனத்தைச் சேர்ந்தவையும் இதில் உண்டு.

வெட்டு முகம் தெரியும் ஒரு துண்டின் அருகில் குந்தி உட்கார்ந்து பார்த்தால் மரம்தான் என்று கண் சொல்லும். வளையம் வளையமாக வரி ஓடும்; நடுவே வைரம் பாய்ந்த பகுதி கறுத்திருக்கும்; ஓரத்தில் பூச்சி துளைத்ததுபோல் ஓட்டை; நீளவாக்கில் நார் பிரிந்த கோடு. கை வைத்ததும் கல்லின் சூடு சுடும். வேலி போடுவதற்கு முன் இந்தத் துண்டுகளை வாசலில் போடவும், அம்மி மிதிக்க நல்ல கல் என்று எடுத்துப் போகவும் செய்தவர்கள் இருந்தார்கள். மாடு மேய்த்த பிள்ளைகள் சிறு சில்லுகளை ஒன்றோடொன்று தட்டித் தீப்பொறி பறக்கவிட்டு விளையாடினார்கள். அறியாமல் செய்தது என்று அதை விட்டுவிடலாம். மிச்சமிருப்பதை அறிந்தே காக்க வேண்டிய காலம் இது.

இதே செம்மண் மேட்டின் கடலோரப் பக்கத்தில்தான் 1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் தொடங்கியது. 124 நாடுகளின் மண்ணைத் தாழி ஒன்றில் இட்ட விழா நடந்தபோது அங்கே ஒரு ஆலமரமும், மழையில் அரித்துப்போன மேடும்தான் இருந்தன. சுற்றுவட்டாரக் கிராமத்துக் கைகளும் சேர்ந்து நட்ட மரங்கள் இன்று காடாக நிற்கின்றன. பொன்னிறக் கோளமான மாத்ரி மந்திரைப் பார்க்க வருபவர்கள் அந்தக் காட்டையும் நின்று பார்க்க வேண்டும்.

திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட நிலம் சமணர் நிலம். மேல்சித்தாமூரில் உள்ள ஜினகாஞ்சி மடம் தமிழ்ச் சமணர்களின் தலைமைப் பீடம். பார்சுவநாதர் கோயிலின் கோபுரத்தையும் தேரையும் முதன்முதலாகக் காண்பவர்கள் சிவன் கோயிலோ என்று எண்ணுவார்கள். அருகிலுள்ள மலைநாதர் கோயிலில் பாறை முகத்திலேயே தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். வீடூர், பெருமண்டூர், விழுக்கம் என்று சுற்றிலும் நயினார் எனப்படும் சமணக் குடும்பங்கள் வாழும் ஊர்கள். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர்களாகவே மற்றவர்கள் அவர்களை அறிவார்கள். தேரோட்டத்தன்று எல்லோரும் வடம் பிடிக்கப் போவார்கள்.

செஞ்சியை நெருங்கும்போது சிங்கவரமும் திருநாதர்குன்றும் வரும். சிங்கவரத்தில் பல்லவர் காலக் குடைவரையில் அரங்கநாதர் பாறையோடு பாறையாகப் பள்ளிகொண்டிருக்கிறார். திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்கள் ஒரே பாறையில் இரண்டு வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரைக் குறிக்கும் சிறு கல்வெட்டும் அங்கேதான். தமிழ் எழுத்து பிராமியிலிருந்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்துக்குச் சாட்சி என்று கல்வெட்டறிஞர்கள் இதைப் பெரிதாகப் போற்றுகிறார்கள்.

செஞ்சிக் கோட்டை இந்த வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு முறையாவது போய்வந்த இடம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை இணைத்து ஓடும் மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். கோனார் குலத் தலைவர்கள் தொடங்கியதை விஜயநகரத்தாரின் கீழ் நாயக்கர்கள் பெருக்கினார்கள். 1649இல் பீஜப்பூர் சுல்தான் படையும் 1677இல் சிவாஜியும் பிடித்தார்கள். சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே அடைந்துகொண்டு முகலாயப் படையை ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடித்தார். 1698இல்தான் கோட்டை விழுந்தது. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் 1750இல், ஆங்கிலேயர் 1761இல். மராட்டியர் கோட்டைகளுக்காக யுனெஸ்கோ 2025 ஜூலையில் அறிவித்த உலகப் பாரம்பரியச் சின்னத்தில் உள்ள பன்னிரண்டு கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது இது ஒன்றே.

ஆண்டுகளை மறந்தவர்களும் தேசிங்கு ராஜனை மறப்பதில்லை. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து, சிறு படையோடு 1714இல் போரிட்டு இளம் வயதிலேயே மாண்டவன். ஆட்சி செய்தது பத்து மாதமே என்றாலும் தெருக்கூத்தும் கதைப்பாட்டும் அவனை முந்நூறு ஆண்டுகளாக வாழவைத்திருக்கின்றன. அவனோடு நவாப்பை எதிர்த்து நின்று உயிரைக் கொடுத்த நண்பன் மகமத் கானையும், நீலவேணிக் குதிரையையும் பாடாமல் அந்தக் கதை முடியாது. இந்து அரசனும் முஸ்லிம் நண்பனும் ஒரே களத்தில் விழுந்த கதையை விடிய விடியக் கேட்டு வளர்ந்த வட்டாரம் இது.

பள்ளிப் பயணத்தில் ராஜகிரி ஏறுவதற்குத்தான் போட்டி. சுமார் 800 அடி உயரம். காலையிலேயே பாறை சூடேறிவிடும். கமலக்கண்ணி அம்மன் கோயில் தாண்டியதும் படிகள் செங்குத்தாகும். உச்சிக்குச் சற்று முன் மலை பிளந்து ஆழமான வெடிப்பு. அதன்மேல் ஒரு சிறு பாலம். அன்று அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி நின்ற இடத்தில்தான் நிற்க வேண்டும். வாத்தியார் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துக் கடத்துவார். மேலே தானியக் களஞ்சியமும் அரங்கநாதர் கோயிலும். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே குரங்கு பறித்துக்கொண்டு போகும். கீழே இறங்கினால் அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பும் கல்யாண மகால். சுடுமண் குழாய் வழியாக மேல்தளத்துக்கு நீர் ஏற்றியிருக்கிறார்கள். வெங்கடரமணர் கோயிலில் காலியாகத் தெரியும் இடங்களுக்கு விடை புதுச்சேரிக் கடற்கரையில் இருக்கிறது. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் ஒற்றைக்கல் தூண்கள் இங்கிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனவை. திரும்பும்போது கோட்டை வாசலில் சீத்தாப்பழக் கூடைகள்.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டு. ஏரிக்கரைப் பாறையொன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த சிறு கோயில். இருபுறமும் கதாயுதத்தை ஊன்றிய வாயிற்காவலர், உள்ளே வெறுமையான மூன்று கருவறைகள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றிப் பிரம்மா, சிவன், திருமால் மூவருக்கும் இதைச் செய்ததாக மன்னன் தூணில் பொறித்திருக்கிறான். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். தமிழகத்துக் கற்கோயில் வரலாற்றின் முதல் பக்கம் இந்தக் கல்வெட்டு. இதே மன்னனின் இன்னொரு குடைவரை தளவானூரில் உள்ளது. பணி இன்னும் நுட்பம், வாசல் வளைவில் மகரதோரணம். இரண்டிலும் பூசை கிடையாது. விளக்கேற்ற ஆள் வராத இடங்களைத் தொல்லியல் துறைக் காவலர் ஒருவர்தான் பார்த்துக்கொள்கிறார். கிராமத்துப் பிள்ளைகள் வழிகாட்ட ஓடிவருவார்கள். கல்வெட்டு இருக்கும் தூணைத் தவறாமல் காட்டுவார்கள்.

அங்கிருந்து தென்மேற்கே, ஏரியை ஒட்டிய குன்றின்மேல் பனமலைத் தாளகிரீஸ்வரர் கோயில். காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. மகேந்திரன் காலத்தில் பாறையைக் குடைந்தவர்கள், சில தலைமுறைக்குள் கல் அடுக்கி விமானம் எழுப்பக் கற்றுக்கொண்டதை இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்கள் கண்ணாலேயே அறியலாம். இங்கே பூசை நடக்கிறது. சிறு சன்னதி ஒன்றின் சுவரில், ஆடும் சிவனைப் பார்த்தபடி ஒரு காலை மடித்து நிற்கும் உமையின் ஓவியம் எஞ்சியிருக்கிறது. எதிரே இருந்த சிவன் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டார். உமையின் முகமும், சாய்ந்த மகுடமும், மேலே பிடித்த குடையும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நிறம் மங்காமல் தெரிகின்றன. அதைப் பார்க்கக் காலை வெளிச்சம் நல்லது. பூட்டியிருந்தால் ஊருக்குள் குருக்கள் வீட்டில் கேட்டால் வந்து திறந்துவிடுவார்.